சூடான காற்றுக்கு ஒரு வாசல்: என் பைக்கின் ஃபேரிங்கை மாற்றியமைத்த அனுபவம்

சென்ற ஆண்டு அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் கோயம்புத்தூரிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்குச் சென்று, அன்று மாலையே பைக்கில் திரும்பினேன். வீட்டில் காலணியைக் கழற்றும்போதுதான் கவனித்தேன்: வலது கெண்டைக்காலின் உட்புறம் உள்ளங்கை அளவுக்குச் சிவந்திருந்தது, தொட்டால் எரிந்தது. வழியில் என் கால் சைலன்சரிலோ எஞ்சினிலோ படவே இல்லை. காங்கேயத்திலும் கரூரிலும் நெரிசலில் நின்று நின்று நகர்ந்த நேரங்களில், எஞ்சினின் சூட்டைக் காற்றிடம் ஒப்படைக்கும் ரேடியேட்டரைக் கடந்து வந்த காற்று மட்டுமே அந்த இடத்தில் பட்டுக்கொண்டிருந்தது. மனிதத் தோலின் வெப்பநிலை 43, 44 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே வலி தொடங்கிவிடும். அது நெடுநேரம் நீடித்தால், கொதிக்கும் பொருள் எதையும் தொடாமலேயே தோல் வெந்து போகும். அந்தச் சிவப்பு ஆற இரண்டு நாட்கள் ஆயின. அந்த இரண்டு நாட்களில்தான் ஃபேரிங் பேனல்களை, அதாவது வண்டியைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் பிளாஸ்டிக் தகடுகளை, மாற்றியமைப்பது என்று முடிவு செய்தேன்.

என்னுடையது முழு ஃபேரிங் போர்த்திய, கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவத்தால் குளிரும், நான்கு சிலிண்டர் தூரப்பயண வண்டி. அதன் பெயரைச் சொல்வதால் யாருக்கும் பயனில்லை என்பதால் விட்டுவிடுகிறேன். பெரிய எஞ்சினைச் சுற்றிப் பிளாஸ்டிக் போர்த்திய எந்த வண்டியிலும் இந்தச் சிக்கல் ஏதோ ஓர் அளவில் இருக்கும். தயாரிப்பாளர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். யமஹா தன் எஃப்ஜேஆர் 1300 வண்டியை 2006ஆம் ஆண்டுக்காகத் திருத்தியபோது, ஃபேரிங்கின் பக்கப் பகுதியை வெளிப்புறமாக நகர்த்தி வைக்கும் வசதியைக் கொடுத்தது. கவாஸாகி தன் கான்கோர்ஸ் 14 வண்டியை 2010இல் புதுப்பித்தபோது, வெப்பக் காற்று ஓட்டுபவரின் காலைத் தவிர்த்து வெளியேறும் வகையில் பக்கத் திறப்புகளைத் திருத்தியது. இந்த இரண்டையும் படித்தபோது எனக்குத் துணிவு வந்தது. பேனலின் வடிவத்தை மாற்றினால் பலன் உண்டு என்பதைத் தொழிற்சாலைகளே செய்து காட்டியிருக்கின்றன.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி, ஒரு மணி நேரத்தில் 5 லிட்டர் பெட்ரோலை எரிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருப்பதால், எரியும் வேகம் சுமார் 44 கிலோவாட் என்று வருகிறது. அதில் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவது கால் பங்கு அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல், மற்றதெல்லாம் வெப்பம். அந்த வெப்பத்தில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியே போகிறது, இன்னொரு பெரும்பகுதி ரேடியேட்டர் வழியே போகிறது. ரேடியேட்டரின் பங்கை 12 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், 2 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்புகள் ஆறினை முழு அளவில் எரியவிட்டு, நம் முழங்காலுக்கு முன்னால் அடுக்கி வைத்ததற்குச் சமம். நெடுஞ்சாலையில் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. நெரிசலில் எரியும் பெட்ரோல் குறைவு என்றாலும், அள்ளிச் செல்லும் காற்று இல்லை. ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் காற்று எஞ்சினைச் சுற்றி வந்து, கிடைத்த இடுக்கில் எல்லாம் வெளியேறுகிறது. அந்த இடுக்குகள் பெரும்பாலும் நம் கால் இருக்கும் இடத்தில்தான் இருக்கின்றன.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். என் வண்டியின் எஞ்சின் ஒருபோதும் அளவுக்கு மீறிச் சூடாகவில்லை. வெப்பமானியின் முள் சிவப்புப் பக்கம் போனதில்லை. ஃபேன் ஓட வேண்டிய நேரத்தில் ஓடி, நிற்க வேண்டிய நேரத்தில் நின்றது. நண்பர்கள் பலர் கூலன்ட்டை மாற்று, எஞ்சின் ஆயிலை மாற்று, பெரிய ரேடியேட்டர் போடு என்று நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். ஆனால் ரேடியேட்டரை எவ்வளவு திறமையானதாக்கினாலும், எஞ்சினிலிருந்து தனக்கு வரும் வெப்பம் முழுவதையும் அது காற்றிடம்தான் ஒப்படைத்தாக வேண்டும். அந்தக் காற்று எங்கே போகிறது என்பதை ரேடியேட்டர் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பவை பேனல்கள்.

இவ்வளவு யோசித்தும் முதல் முயற்சியில் தவறு செய்தேன். என் வண்டியைப் போன்றதையே வைத்திருக்கும் ஒருவர், கீழே விழுந்து கீறல் பட்ட பக்கப் பேனல்களை மாற்றியபோது பழையவற்றை அவரிடமிருந்து வாங்கி வைத்திருந்தேன். வெட்டுவதெல்லாம் அவற்றில்தான், வண்டியோடு வந்த பேனல்கள் துணி சுற்றி இன்றும் பரணில் இருக்கின்றன. உள்ளே அதிகக் காற்று போனால் அதிகம் குளிரும் என்ற எண்ணத்தில், ஹெட்லைட்டுக்குக் கீழே முன்நோக்கிய முகத்தில் இருபுறமும் ஒவ்வொரு நீள் துவாரம் வெட்டினேன். மறுநாள் காலை நீலாம்பூர் பைபாஸில் ஓட்டிப் பார்த்தபோது நிலைமை மோசமாகியிருந்தது. 80 கிலோமீட்டர் வேகத்தில் முழங்காலில் முன்பைவிடச் சூடான காற்று அடித்தது. அதைவிட வியப்பானது, திறந்த சாலையில் அதுவரை ஒருநாளும் ஓடாத ரேடியேட்டர் ஃபேன் அன்று இரண்டு முறை ஓடியது.

காரணம் புரிய ஒரு வாரம் ஆயிற்று. ரேடியேட்டர் வழியாகக் காற்று போக வேண்டுமானால், அதற்கு முன்னால் அழுத்தம் கூடுதலாகவும் பின்னால் குறைவாகவும் இருக்க வேண்டும். வண்டியின் முன்முகத்தில் காற்று மோதி நிற்பதால் அங்கே அழுத்தம் கூடுகிறது. நான் அந்த முகத்தில் துளை போட்டு, அந்த அழுத்தத்தை ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் அறைக்குள் கொண்டு சேர்த்துவிட்டேன். முன்னும் பின்னும் அழுத்தம் நெருங்கிவிட்டதால் ரேடியேட்டர் வழியே போன காற்று குறைந்தது. உள்ளே இருந்த சூடான காற்றோ பிதுங்கி என் முழங்காலுக்கு வந்தது. வழி கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தது உள்ளே இருந்த காற்று. நான் வாசலைத் திறப்பதற்குப் பதிலாக மேலும் விருந்தாளிகளை அனுப்பியிருக்கிறேன்.

விமானத் துறையில் இந்தப் பாடம் மிகப் பழையது. அமெரிக்க அரசின் விமானவியல் ஆய்வு அமைப்பான என்.ஏ.சி.ஏ. 1928இல் தன் லாங்லி ஆய்வுக்கூடத்தில், வட்ட வடிவ விமான எஞ்சினை முழுமையாக மூடும் தகட்டு உறை ஒன்றை உருவாக்கியது. மூடினால் எஞ்சின் வெந்துவிடும் என்ற பொதுவான அச்சத்துக்கு மாறாக, காற்றை வேண்டிய இடத்தில் மட்டும் செலுத்தியதால் எஞ்சின் குளிர்ந்தது. விமானத்தின் காற்றுத் தடையும் பெரிதும் குறைந்தது. அத்தகைய எஞ்சின்களில் பின்னர் வந்த மடிப்புக் கதவுகளைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். விமானம் மெதுவாக மேலேறும்போது கூடுதல் குளிர்ச்சி தேவைப்பட்டால் விமானி திறப்பது, காற்று வெளியேறும் பக்கத்தில் இருக்கும் அந்தக் கதவைத்தான். நுழைவாய் அப்படியே இருக்கும்.

இதன் பிறகு எதையும் வெட்டும் முன் காற்று எங்கே போக விரும்புகிறது என்பதைப் பார்த்துவிடத் தீர்மானித்தேன். ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பளி நூல் துண்டுகளைப் பேனல் முழுவதும் மூன்று விரல் இடைவெளியில் டேப்பால் ஒட்டினேன். அதிகாலையில் நான் சீராக 60, பிறகு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட, என் தம்பி காரின் பின்னிருக்கையிலிருந்து கைப்பேசியில் படம் பிடித்தான். மெதுவாக்கிப் பார்த்தபோது, பேனலின் முன்பாதியில் நூல்கள் மேற்பரப்போடு படிந்து பின்னோக்கி ஓடின. பேனல் வளைந்து உள்வாங்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், அதாவது காற்று மிக வேகமாகச் செல்லும் இடத்தில், உள்ளிருக்கும் காற்றை வெளியே உறிஞ்சும் குறைந்த அழுத்தம் இருப்பது ஏற்கெனவே இருந்த ஒரு சிறு இடுக்கின் ஓரத்து நூல் வெளிப்புறமாக விறைத்து நின்றதிலிருந்து தெரிந்தது. டேங்குக்கும் உட்புறப் பேனலுக்கும் நடுவே ஒட்டியிருந்த நூல்கள் மட்டும் மேல்நோக்கி என் மார்பைப் பார்த்து நின்றன. உயரமான விண்ட்ஸ்கிரீனுக்குப் பின்னால் அழுத்தம் குறைவதால், அது ஃபேரிங்கின் உள்ளிருக்கும் சூட்டைக் கிணற்றிலிருந்து இறைப்பது போல மேலே இழுத்துக்கொண்டிருந்தது.

நிற்கும் நிலைக்குத் தனியாக ஒரு சோதனை தேவைப்பட்டது. புகையை வைத்துப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். பெட்ரோல் வண்டிக்குப் பக்கத்தில் ஊதுவத்தி கொளுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. மெல்லிய டிஷ்யூ தாளைக் கீற்றுகளாகக் கிழித்து ஒரு குச்சியில் கட்டி, ஃபேன் ஓடத் தொடங்கியதும் ஒவ்வோர் இடுக்காகப் பிடித்துப் பார்த்தேன். ரேடியேட்டரின் ஓரத்துக்கும் பேனலுக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இருந்த இடைவெளியில் கீற்று முன்பக்கம் நோக்கி ஓடியது. ஃபேன் பின்னால் தள்ளிய சூடான காற்றில் ஒரு பகுதி, அந்த இடைவெளி வழியாக மீண்டும் ரேடியேட்டரின் முன்னால் வந்து, அதே ஃபேனால் இரண்டாம் முறை இழுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. நெரிசலில் காலில் ஏன் அவ்வளவு சூடு அடித்தது என்பதற்கான விடை அந்தத் தாள் கீற்றில் இருந்தது.

ஆகவே வெட்டுவதற்கு முன் அடைத்தேன். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கிடைத்த பலனில் பாதிக்கு மேல் இந்த வேலையால் வந்தது. செலவும் இதற்குத்தான் குறைவு. ரேடியேட்டரின் இரு ஓரங்களிலும் ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை எல் வடிவில் மடித்துப் பொருத்தி, அதன் விளிம்பில் கார் கதவுக்குப் போடும் ரப்பர் பீடிங்கைச் செருகினேன். பேனலை மாட்டும்போது பீடிங் அழுந்தி இடைவெளி மூடிக்கொள்கிறது. டேங்குக்கு முன்னால் மேலே போகும் காற்றைத் தடுக்க, சூடு தாங்கும் சிலிக்கான் ஃபோம் ஷீட்டை அளவுக்கு வெட்டி வைத்தேன். சாதாரண ஃபோம் சூட்டில் சுருங்கிவிடும்; அதை அங்கே பயன்படுத்தக் கூடாது. முழங்காலுக்கு நேரே, ஃபேரிங்கின் உள்விளிம்புக்கும் சேசிஸுக்கும் நடுவே, இருபுறமும் ஒரு தடுப்புத் தகடு. ஒவ்வொன்றையும் மாட்டிய பிறகு ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, முன் ஃபோர்க்கை முழுவதும் அழுத்தி, ஆக்ஸிலரேட்டர் கேபிளும் பிரேக் ஹோஸும் எங்கும் உரசவில்லை என்று பார்த்தேன். ஸ்டியரிங்குக்கு அருகே எதை வைத்தாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் சாலைக்குப் போகக் கூடாது.

அடைப்பதிலும் ஓர் இடத்தில் பிழை செய்தேன். இடப்பக்கத் தடுப்புக்குப் பின்னால் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் இருப்பதை நான் பொருட்படுத்தவில்லை. மின்சாரத்தைச் சீராக்கும் அந்தப் பெட்டி தன் சூட்டைக் காற்றிடம்தான் கொடுக்கிறது. மூன்று வாரங்களுக்குப் பிறகு ஒரு மாலையில் ஹெட்லைட் மங்கலாகத் தெரிந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தால், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டிய பேட்டரி 12.6இல் நின்றது. பெட்டியில் விரல் வைக்க முடியவில்லை. தடுப்பில் ஒரு சதுரம் வெட்டி, முன்பக்கத்துக் குளிர்ந்த காற்றை ஒரு சிறு குழாய் வழியாக அதன் மேல் செலுத்திய பிறகு சரியானது. இடுக்குகளை அடைப்பவர்கள் அதன் பின்னால் எந்தப் பாகம் மூச்சு விடுகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாகத்தான் வெட்டும் வேலை. முன்முகத்தில் போட்ட பழைய துவாரங்களை மூடினேன். பேனலின் உட்புறத்தில் ஏபிஎஸ் என்று பிளாஸ்டிக்கின் வகை அச்சிடப்பட்டிருந்ததால், அதே பிளாஸ்டிக்கின் துகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி ஒட்டுத் துண்டை வைத்துப் பற்றவைக்க முடிந்தது. உட்புறத்தில் பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன், என்று இருந்தால் இந்த முறை பலிக்காது; அசிட்டோன் அதைக் கரைப்பதில்லை, ஒட்டும் பசைகளும் அதில் எளிதில் பிடிப்பதில்லை. புதிய திறப்புகளை நூல்கள் காட்டிய இடத்தில் முதலில் அட்டையில் செய்து பார்த்தேன். ஒவ்வொரு திறப்பின் முன்விளிம்பிலும் 12 மில்லிமீட்டர் வெளியே நீட்டிய ஓர் உதடு இருக்க வேண்டும். வெளிக்காற்று அந்த உதட்டைத் தாண்டிக் குதிக்கும்போது அதன் பின்னால் அழுத்தம் இன்னும் குறைகிறது, உள்ளிருக்கும் காற்று அங்கே இழுக்கப்படுகிறது. உதடு இல்லாமல் வெறும் துளையாக விட்ட அட்டை மாதிரியில் நூல் ஒரு நேரம் உள்ளேயும் ஒரு நேரம் வெளியேயும் தடுமாறியது. உதடு வைத்ததும் உறுதியாக வெளியே நின்றது. அந்தக் காட்சியைத் தம்பியும் நானும் நான்கைந்து முறை திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

இருபுறமும் மூன்று மூன்று கீற்றுகள். ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் நீளம், 18 மில்லிமீட்டர் அகலம். வெளியேறும் வழி தாராளமாக இருப்பது நல்லது, ஏனெனில் 35 டிகிரியில் நுழைந்த காற்று 75 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் கன அளவே 13 விழுக்காடு பெருகிவிடுகிறது. கீற்றின் இரு முனைகளிலும் முதலில் டிரில் போட்டு வட்டத் துளை எடுத்தேன். கூர்மையான மூலை இருந்தால் அதிர்வில் அங்கிருந்துதான் விரிசல் ஓடத் தொடங்கும். அறுக்கும் கருவியை வேகமாகச் சுழற்றினால் பிளாஸ்டிக் உருகி மீண்டும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், பெரும்பகுதியை ஹேக்ஸா பிளேடைக் கையில் பிடித்தே அறுத்தேன். இரண்டு பேனலுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிடித்தது. உதடுகளை இரண்டு மில்லிமீட்டர் ஏபிஎஸ் தகட்டில் ஹீட் கன் கொண்டு வளைத்து, கூழால் பற்றவைத்து, கணபதி பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் பெயின்ட் அடித்து வாங்கினேன். அங்கிருந்த பெரியவர் உதட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது அழகுக்கு வெச்சதில்ல தம்பி, மீனோட செவுள் மாதிரி இருக்கு" என்றார். அதைவிடச் சரியான விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை. கொசுவலை போன்ற நெருக்கமான வலையை அதில் ஒட்ட வேண்டாம் என்று நினைக்கிறேன். கம்பிகளே பரப்பில் கணிசமான பங்கை அடைத்துக்கொள்ளும், மீதியைத் தூசியும் பூச்சியும் அடைத்துவிடும்.

காற்றால் வருவது போக, புகைக்குழாயிலிருந்து நேராக வீசும் கதிர்வெப்பமும் இருக்கிறது. அதற்கு, அலுமினியத் தாள் ஒட்டிய கண்ணாடி இழைத் துணியைப் பேனலின் உட்புறத்திலும் டேங்கின் அடிப்பகுதியிலும் வைத்தேன். மினுங்கும் பக்கத்துக்கும் சூடான பொருளுக்கும் நடுவே காற்றிடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். ஒட்டி வைத்தால் அலுமினியம் சூட்டைக் கடத்தவே செய்யும். டேங்கின் வடிகால் குழாயும் மூச்சுக்குழாயும் நசுங்காமல் பார்த்துக்கொண்டேன். ஏபிஎஸ் 100 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும் என்பதால், புகைக்குழாய்க்கு அருகில் எந்தப் பிளாஸ்டிக்கும் 25 மில்லிமீட்டருக்குள் வரவிடவில்லை.

அளந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி வடிவ வெப்பமானி மினுங்கும் அலுமினியத்தில் தவறாகக் குறைத்துக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். நான் நம்பியது கெண்டைக்கால் உயரத்தில் கட்டிய, காற்றின் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியை. மாலை நெரிசலில் காந்திபுரத்திலிருந்து உக்கடம் வரை, வெளியே 33 டிகிரி இருந்தபோது, வலது காலருகே காற்று முன்பு 57 டிகிரி வரை போனது. அடைத்த பிறகு 50, வெட்டிய பிறகு 46. பைபாஸில் 80 கிலோமீட்டர் வேகத்தில் 44 டிகிரியாக இருந்தது 37ஆகக் குறைந்தது. இவை என் ஒரு வண்டியின், ஒரே பருவத்தின் அளவுகள்தான். ஆனால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாம் கியரில் ஏறி முடித்தபோது, பின்னால் அமர்ந்திருந்த என் மனைவி, காலை எங்கே வைப்பது என்று யோசிக்காமல் இந்தப் பாதையில் வந்தது இதுவே முதல் முறை என்றாள்.

சட்டத்தைப் பற்றியும் சிலர் கேட்கக்கூடும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல வடிவத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதை மனத்தில் வைத்தே விளக்குகள், இண்டிகேட்டர், மட்கார்டு, புகைக்குழாய் எதையும் தொடவில்லை. பழைய பேனல்களை அரை மணி நேரத்தில் திரும்ப மாட்டிவிடும்படி எல்லாவற்றையும் அமைத்திருக்கிறேன். மழைக்காலம் வருமுன் கீற்றுகளின் மேல் தண்ணீர்க் குழாயைப் பத்து நிமிடம் பிடித்துப் பார்த்து, நனைந்த இரண்டு கனெக்டர்களுக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவினேன். டிசம்பரில் ஊட்டிக்குப் போனபோது இழந்த கதகதப்பை நினைத்து வருந்தினேன் என்பதும் உண்மை. அதனால் கீற்றுகளை மூடும் ஆறு சிறு ஏபிஎஸ் மூடிகளைச் செய்து இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. பின்காற்று வீசும்போது 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வலது முழங்காலில் சூடு தெரிகிறது. வண்டிக்கும் காற்றுக்கும் வேக வித்தியாசம் அதிகம் இல்லாததால் கீற்றின் உதடுகள் அப்போது பெரிதாக எதையும் இழுப்பதில்லை, ஃபேனும் வலப்பக்கமாகத்தான் அமைந்திருக்கிறது. ஃபேனின் பின்னால் ஒரு சிறு குடையைக் கட்டிக் காற்றைக் கீழே தரையை நோக்கித் திருப்பலாம் என்று தோன்றுகிறது. அட்டையில் மாதிரி தயாராகிவிட்டது. தம்பிக்கு விடுமுறை கிடைக்கும் ஞாயிறு காலையில் நூல் ஒட்டிப் பார்க்கப் போகிறோம்.